தூணடியில் ஒரு எதிர்க்கட்சி

ஸ்டாண்டு அக்காவின் காதுபட யாரையும் எதையும் திட்டக் கூடாது. திட்டினால் மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். திட்டு வாங்கியது மனிதரோ மாடோ மழையோ, உடனே அதன் பக்கம் போய் நின்றுகொண்டு வாதாட ஆரம்பித்துவிடுவாள். அந்த மாடே வந்து கையெடுத்துக் கும்பிட்டு "போதும் தாயே" என்று சொன்னால்தான் நிறுத்துவாள்.

ஒரு நாள் கூட வேலை பார்த்த பெண்ணின் கல்யாண வரவேற்புக்குக் கிளம்பும் நேரத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆபீசிலிருந்து வண்டி ஸ்டாண்டுக்கு இறங்கி வந்தேன்.

"சனியன் புடிச்ச மழை. இன்னிக்குப் பாத்து வருது பாருங்கக்கா" என்றேன்.

அக்கா டோக்கனை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "ஏம்மா, போன மாசம் பூரா வரல வரலன்னு நீதான திட்டிகினு இருந்த? அது பாவம், எப்பதான் வர்றது? உங்கிட்ட வந்து நாள் பாத்துகினு போவுமா?"

என் புடவை நாசமானது அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. மழைக்காகப் பேச அங்கே வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். எரிச்சலோடு வண்டியைக் கிளப்பினேன், பாதி வழியில் சிரிப்பு வந்துவிட்டது.

ஆரணியில் நான் வேலை பார்த்த வருஷங்களில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை அவளைப் பார்த்தேன். காலையில் வண்டியை விடும்போதும் சாயங்காலம் எடுக்கும்போதும். எங்கள் அலுவலகக் கட்டடத்தின் அடியில்தான் அவளுடைய வண்டி ஸ்டாண்டு. ஆகவே அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது.

கடைத்தெருவுக்கு நடுவில், முரட்டுத் தூண்களின் மேல் மூன்று மாடி ஏறி நின்ற அரசுக் கட்டடம் அது. தரைத்தளத்தில் சுவர் கிடையாது, தூண்கள் மட்டும்தான். எந்தப் பக்கமும் பூச்சு இல்லை, வண்ணம் இல்லை. கான்கிரீட்டை ஊற்றிய பலகையின் கோடுகள்கூட அப்படியே தெரியும். ஜன்னல்களுக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் கனமான கான்கிரீட் புருவம். ஊரில் அதற்குப் பெயர் பூசாத ஆபீஸ். ஆட்டோக்காரரிடம் வழி சொன்னால்கூட "பூசாத ஆபீசுக்கு எதிர்ல" என்றுதான் சொல்வார்கள். கான்ட்ராக்டர் பூச்சுக் காசை முழுங்கிவிட்டு ஓடிவிட்டான் என்பது ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட வரலாறு. ஒரு முறை பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று முன்பக்கத்துக்கு மட்டும் அவசர அவசரமாகச் சுண்ணாம்பு அடித்தார்கள். இரண்டு மழைக்காலத்தில் அது உரிந்து கட்டடத்துக்குத் தேமல் வந்தது போல ஆகிவிட்டது. படிக்கட்டுக்குப் பக்கத்தில் லிஃப்டுக்கென்று விட்ட ஒரு குழி இருந்தது. லிஃப்ட் கடைசிவரை வரவில்லை. உடைந்த நாற்காலிகள் அதற்குள் குடியிருந்தன.

கான்ட்ராக்டரைப் பற்றி யாராவது ஆரம்பித்தால் அக்கா விடமாட்டாள்.

"அந்தாளு இப்ப எங்க கீறாரோ, உயிரோட கீறாரோ இல்லியோ. திருப்பிப் பேச வரமாட்டாருன்னுதான ஆளாளுக்குத் திட்டறீங்க? பூச்சு இல்லாமயே இத்தினி வருசம் நிக்குதே, அதுக்கு ஒரு நல்ல வார்த்த சொன்னீங்களா?"

அக்காவைப் பார்க்கிறவர்கள் முதலில் சண்டைக்காரி என்றுதான் நினைப்பார்கள். குரல் அப்படி. ஆள் ஒல்லி. மேலே ஒரு காக்கிச் சட்டை, அதன் பையில் டோக்கன் கட்டு, தோளில் வண்டி துடைக்கிற பழந்துணி. கேட்காமலே சீட்டைத் துடைத்து வைப்பாள். ஹேண்டிலைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களைக் கண்டால் மட்டும் அவளுக்குப் பிடிக்காது, நகர்த்தி அடுக்க முடியாது என்பாள். அவள் கணவர் அரிசி ஆலையில் வேலை பார்த்தார். மூத்த பெண் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள், இளையவள் பள்ளிக்கூடம். ஸ்டாண்டு இருக்கிற வரைக்கும்தான் பெரியவள் படிப்பு என்று அக்காவே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது, வண்டிகளும் வராது. மழைக்காலத்து ஞாயிறுகளில் சேவூரிலிருந்து நெசவுக் குடும்பத்தார் தறியில் ஏற்ற வேண்டிய பட்டுப் பாவு இழைகளை எடுத்துக்கொண்டு வருவார்கள். பாவை நீளவாக்கில் இழுத்துக் கட்டி, சிக்கெடுத்து, இழைகளை ஒழுங்கு செய்ய நீளமான இடம் வேண்டும். வெயில் காலத்தில் அதற்குத் தெரு இருக்கிறது. மழையில் தெருவில் எப்படிப் பட்டை விரிப்பது? எங்கள் தூண்களுக்கு நடுவில் மழையும் அடிக்காது, வெயிலும் படாது. ஒரு கோடித் தூணிலிருந்து மறு கோடித் தூண்வரை சிவப்பும் மாம்பழ மஞ்சளுமாகப் பாவு நீண்டு கிடக்கும். சனிக்கிழமை சாயங்காலமே அக்கா தரையில் இருக்கும் எண்ணெய்க் கறையைத் தவிட்டைப் போட்டுத் தேய்த்து வைத்துவிடுவாள். யாரும் அவளை அப்படிச் செய்யச் சொன்னதில்லை. விடுமுறை நாளில் வெளியாட்களை விடக் கூடாது என்று எங்கள் கண்காணிப்பாளர் ஒரு முறை சத்தம் போட்டபோது, "பட்டு இன்னா சார் உங்க ஃபைல தின்னுடுமா?" என்று கேட்டாள்.

கண்காணிப்பாளர் என்று சொன்னேன் இல்லையா, அவரையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் சூப்ரண்டு சார் என்போம். அவர் இல்லாத இடத்தில் முசுடு. காலையில் வணக்கம் சொன்னால் "ம்" என்பார், அதுவும் மனசு வந்தால். அக்காவுக்கும் அவருக்கும் தினம் ஒரு சண்டை உண்டு. அவர் தன் பழைய ஸ்கூட்டரின் ஹேண்டிலைப் பூட்டாமல் போகவே மாட்டார். டோக்கன் வாங்க மாட்டார். "என் வண்டிய எனக்குத் தெரியாதா?" என்பார். "உங்களுக்குத் தெரியும் சார், எனக்கு அத்த நவுத்தத் தெரியலியே" என்பாள். இது முடியும்வரை பின்னால் நாங்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் அவர் மேலே போனதும் நாங்கள் யாராவது "முசுடு" என்று வாயைத் திறந்தால் போச்சு. "வீட்ல எவ்ளோ பேஜாரோ, யாருக்குத் தெரியும்? நீங்க எல்லாம் ஒண்ணா உக்காந்துகினு சாப்புடறீங்க. அவர ஒரு நாளாவது கூப்ட்டீங்களா?" என்று எங்களைத் திருப்பிக் கேட்பாள். நாங்கள் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டார், அது வேறு விஷயம்.

இந்தக் குணம் எப்போதும் இனிப்பாக இருந்தது என்று சொன்னால் பொய். எங்கள் தளத்தைக் கூட்டிப் பெருக்கும் பெண் ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாள். குடிகாரக் கணவன் முந்தின நாள் அவளைக் கை நீட்டி அடித்திருந்தான். நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று அவனை வாய்க்கு வந்தபடி திட்டினோம். அக்கா துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "அவன் வேல போயி ரெண்டு மாசமா வீட்ல குந்திகினு கீறான். அவனுக்கும் மனசுன்னு ஒண்ணு..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பெண் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள். அன்றிலிருந்து அக்காவோடு பேச்சை நிறுத்தி, தன் சைக்கிளை எதிர்க் கடை வாசலில் விட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "எல்லாத்துக்கும் பேசுவீங்களா? அடிச்சவனுக்குமா பேசுவீங்க?" என்று நேராகவே கேட்டேன்.

"தப்புதாம்மா" என்றாள். முகம் செத்துப் போயிருந்தது. "எல்லாரும் சேந்துகினு ஒருத்தன திட்டறப்ப எனக்கு வாய் சும்மா இருக்க மாட்டேங்குது. உள்ள ஒண்ணு பிராண்டுது."

மறு வாரம் ஒரு முழம் மல்லிகையோடு போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்டது கேட்டாள், திரும்பி வரும்போது "அந்தப் பொண்ணு பேசாம இருந்ததும் நியாயந்தான்" என்று தனக்கு எதிராகவும் ஒரு வாதத்தை வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது ஊரே சந்தோஷப்பட்டது. வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஒருங்கிணைந்த அலுவலக வளாகம் என்று அதில் கண்ணாடி மாளிகை ஒன்று மின்னியது. அதன் முன்னால் ஆரணியில் யாரும் பார்த்திராத மரங்கள். வெள்ளைத்தோல் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் நாயைப் பிடித்துக்கொண்டு நடந்து போனார்கள். கீழே கடைகள், அதற்கும் கீழே மிஷின் வைத்த கார் பார்க்கிங். தூணடியில் நின்று எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

"இந்தக் கருமத்த எப்பவோ இடிச்சிருக்கணும்" என்றார் எதிர்க் கடை ஜெராக்ஸ்காரர். "பாக்கறதுக்கு ஜெயிலு மாதிரி கீது."

"ஜெயிலா? இந்தா, சித்திர மாசத்துல உங்க கடைல ஃபேன் போட்டும் வேத்துப் போயி எங்க வந்து குந்திகினு இருந்தீங்க? இதும் நெழல்லதான? வாய்ல்லாத கட்டடம்னு இம்மாம் பேச்சு பேசறீங்களே" என்றாள் அக்கா.

இடிக்க வேண்டும் என்று எல்லோரையும்விட உரக்கச் சொன்னவர் சூப்ரண்டு சார். அவருக்குக் காரணம் இருந்தது. முந்தின ஐப்பசியில் ஒழுகி ஊறிய கூரையிலிருந்து ஒரு கான்கிரீட் துண்டு அவர் மேஜை மேலேயே விழுந்தது. அவர் கை கழுவப் போயிருந்ததால் தப்பினார். அந்தத் துண்டை அவர் தூக்கிப் போடவிடவில்லை. மேஜை ஓரத்திலேயே வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டினார். அக்காவிடமும் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார்.

"தோ பாருங்க. என் தலையில விழுந்திருந்தா?"

"விழலியே சார். நீங்க எழுந்து போற வரைக்கும் புடிச்சுகினு இருந்துச்சில்ல?"

துண்டை எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டார்.

அந்த ஒரு மாதம் கட்டடத்துக்காகப் பேசிய ஒரே ஆள் அவள்தான். அவள் ஸ்டாண்டுக்காகப் பேசுகிறாள் என்று கொஞ்சம் பேர் நினைத்தார்கள். இடித்தால் ஸ்டாண்டு போய்விடும், மிஷின் பார்க்கிங்கில் அவளுக்கு வேலை இல்லை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கு அவளைத் தெரியும். அது பூங்காவாக இருந்தாலும் குப்பைமேடாக இருந்தாலும் அவள் பேசியிருப்பாள்.

அப்புறம் காற்று திரும்பியது. முதலில் சென்னையிலிருந்து கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் கேமராவோடு வந்தார்கள். எங்கள் தூண்களைக் கோயில் சிலையைத் தொடுவது போலத் தொட்டுப் பார்த்தார்கள். இதற்கு ப்ரூட்டலிசம் என்று பெயர், பூசாமல் விட்டதுதான் இதன் அழகு, கான்கிரீட்டை ஒளிக்காமல் காட்டுவதுதான் இந்தப் பாணி, உலகம் முழுக்க இப்படிக் கட்டிய ஒரு காலம் இருந்தது என்று விளக்கினார்கள். அக்கா முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப அந்தக் கான்ட்ராக்டர் ஒண்ணும் முழுங்கல" என்றாள். அவளுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. அன்று பூரா வண்டி விட வந்தவர்களிடம் எல்லாம் அதைச் சொன்னாள்.

படம் செய்தித்தாளில் வந்தது. கட்டடத்தின் முன்னால் ஜெராக்ஸ்காரர் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார். புதுக் கட்டடம் எழும்பும் வரை மூன்று வருஷம் அலுவலகங்கள் எல்லாம் பைபாஸ் பக்கம் போகும் என்று அடுத்த வாரம் தெரிந்தது. அவ்வளவுதான், கடைத்தெரு முழுக்க ஒரே நாளில் கலை ரசனை பிறந்துவிட்டது. ஆபீசுக்கு வருகிற கூட்டம் இல்லாவிட்டால் டீக்கடைக்கு யார் வருவார்கள்? சேவூர் நெசவாளர்களும் மழைக்காலத்துப் பாவை எங்கே விரிப்பது என்று கேட்டு மனு கொடுத்தார்கள். கண்ணாடி மாளிகை ஃப்ளெக்ஸுக்குப் பக்கத்திலேயே "இடிக்காதே" என்று இன்னொரு ஃப்ளெக்ஸ் முளைத்தது.

அக்கா குதிக்க வேண்டிய நேரம் இது. குதிக்கவில்லை. இரண்டு நாள் குனிந்த தலையோடு வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் ஜெராக்ஸ்காரர் வந்து "நம்ம கட்டடம் மாதிரி வருமா?" என்று தூணைத் தட்டியபோது ஆரம்பித்தாள்.

"இன்னா வருமா? மேல் மாடி பாத்ரூம்ல தண்ணி ஏறுதா? ஒழுகாத ரூமு ஒண்ணு கீதா? சூப்ரண்டு சாரு கத்தறாருன்னா சும்மா கத்தறாரா? அவரு ஒருத்தர்தான் இப்ப இடிக்கணும்னு சொல்றாரு. அவர எல்லாரும் சேந்துகினு கிண்டல் பண்ணறீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஜெராக்ஸ்காரர் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"அக்கா, உங்களுக்கு இன்னா பைத்தியமா? இப்பதான் எல்லாம் உங்க பக்கம் வந்திருக்கு. இடிச்சா ஸ்டாண்டு போச்சு. பெரியவ படிப்பு?"

"தெரியும்மா" என்றாள். "தெரியாமயா பேசிகினு கீறேன்? ராத்திரி படுத்தா அதான் வருது. ஆனா அந்த மனுசன் தனியா நிக்கறாரும்மா."

டோக்கனை நீட்டி வண்டியை எடுத்துக்கொண்டேன். அவளோடு வாதாடிப் பிரயோஜனம் இல்லை.

கருத்துக் கேட்புக் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை காலை நடந்தது. பொதுமக்கள் அனைவரும் தவறாமல் கலந்துகொள்ளவும் என்று தூணில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். இடம், மூன்றாவது மாடி கூட்ட அறை. அதில் இருந்த கூத்து அந்த நோட்டீஸைத் தயாரித்தவர்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஒட்டியவருக்கும் படித்தவர்களுக்கும்கூட உறைக்கவில்லை.

மாவட்டத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். சின்ன வயசு, பொறுமையாகக் கேட்டார். சென்னைப் பிள்ளைகள் பெரிய திரையில் படம் காட்டினார்கள். சேவூர்ப் பெரியவர் ஒருவர், "மழ நாள்ல எங்களுக்கு இந்தத் தூணுங்கள வுட்டா போக்கிடம் இல்லீங்க மேடம்" என்றார். வியாபாரிகள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து கட்டடத்தின் அழகைப் புகழ்ந்தார்கள். கடைசியில் சூப்ரண்டு சார் எழுந்து அந்தக் கான்கிரீட் துண்டைத் தூக்கிக் காட்டினார். "இது என் மேஜையில விழுந்தது. நாளைக்கு யார் தலையில விழும்?" என்றார். பின்னாலிருந்து யாரோ "உங்க தல அத்த வுட ஸ்ட்ராங்கு சார்" என்றார்கள். அறையே சிரித்தது. அவர் முகம் கறுத்து, துண்டைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்தார்.

அக்கா கடைசி வரிசையில் இருந்தாள். காக்கிச் சட்டையோடுதான் வந்திருந்தாள். எழுந்துவிட்டாள்.

"மேடம், நான் கீழ ஸ்டாண்டு வெச்சிருக்கறவ. அவரு சொல்றத சிரிக்காம கேக்கச் சொல்லுங்க. ஒழுகறது நெசம், விழுந்தது நெசம்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "இன்னொண்ணு. இங்க கட்டடம் வோணும்னு சொல்ற எல்லாரும் படி ஏறி வந்தவங்க. ஏற முடியாதவங்க கீழ என் ஸ்டாண்டுல வண்டி மேல குந்திகினு கீறாங்க. உதவித்தொக கேட்டு வர்றவங்க. மாசா மாசம் அப்டித்தான். மேல போறவங்க கைல மனுவக் குடுத்து அனுப்பிட்டு அங்கயே காத்துகினு கீறாங்க. லிஃப்ட் வர வேண்டிய எடத்துல உடைஞ்ச சேரு கீது. அவங்களுக்காகப் பேச இங்க யாருமே இல்லியே?"

அந்த அதிகாரி ஜன்னல் பக்கம் பார்த்தார், அப்புறம் அறையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"கூட்டத்தக் கீழ வெச்சுக்கலாம்" என்று எழுந்தார்.

அப்படியாக, இடிப்பதா வேண்டாமா என்ற கூட்டத்தின் மறுபாதி மொபெட்டுகளுக்கும் பைக்குகளுக்கும் நடுவில் நடந்தது. அதிகாரிக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், அவர் உட்காரவில்லை. கால் வீங்கிய ஒரு பெரியம்மா, கண் சரியாகத் தெரியாத ஒருவர், ஒவ்வொருவராகச் சொன்னார்கள். தேவிகாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்த, அக்குளில் ஊன்றுகட்டை வைத்திருந்த ஒருவர்தான் விஷயத்தைத் தீர்த்து வைத்தார்.

"இடிக்கறதும் இடிக்காததும் உங்க பாடு மேடம். இடிச்சிக் கட்டறதுக்குள்ள நான் மூணு வருசம் பைபாஸுக்கு அலையணும். அது இதவிடக் கஷ்டம். ஒழுகற கூரய சரி பண்ணுங்க. எங்க உதவித்தொக ஆபீச மட்டும் மாடிலருந்து கீழ கொண்டாந்து இங்க வெச்சிடுங்க. வண்டிங்க வெயில்ல நின்னா ஒண்ணும் ஆவாது. எங்களாலதான் நிக்க முடியாது."

இவ்வளவு சுலபமா என்பது போல எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள், எல்லோரும் தட்டினார்கள். அதற்கப்புறம்தான் 'இங்க' என்றால் எது என்று எங்களுக்கு உறைத்தது. கைதட்டல் அப்படியே தேய்ந்து நின்றது. எல்லோர் கண்ணும் அக்கா மேல் போனது. அவள் அந்தத் துணியை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு நின்றாள். ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பேசியது சூப்ரண்டு சார். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக அப்போதுதான் கீழே வந்து சேர்ந்திருந்தார்.

"மேடம், அவர் சொல்றது நியாயம்தான். அத நான் ஒத்துக்கறேன். ஆனா இந்தம்மா எங்க போவாங்க? இத்தன வருஷமா இந்த இடத்தக் கூட்டிப் பெருக்கி வெச்சிருக்கறது அவங்க. குடும்பம் இதுல ஓடுது. பொண்ணு படிக்குது. எல்லாருக்கும் பேசிட்டோம், இந்த ஸ்டாண்டுக்குன்னு ஒருத்தர் பேச வேணாமா? இவங்களத் தள்ளிட்டு ஒரு முடிவு எடுத்தா அது சரியா இருக்காது."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அக்கா அவரை வெறித்துப் பார்த்தாள். அப்புறம் சட்டென்று சீறினாள்.

"இன்னா சார் பேசறீங்க நீங்க? வண்டி பெருசா மனுசன் பெருசா? அந்தம்மா கால பாத்தீங்களா, எப்டி வீங்கிகினு கீது? அவங்க எடத்துல நான் வண்டி வுட்டு சம்பாதிக்கணுமா? நீங்க சும்மா இருங்க சார்!"

"நான் உங்களுக்காகத்தான்மா பேசறேன்!"

"அதான் வேணாம்ன்றேன்!"

"வேணாம்னா நீங்க எங்க போவீங்க? சொல்லுங்க!"

"அத்த நான் பாத்துக்கறேன், ஹேண்டில் பூட்டறவருக்கு இன்னா வந்துச்சு?"

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பை அடக்க முடியாமல் கையை உயர்த்தினார். கிழக்குப் பக்கத் தூண்களுக்கு நடுவில் கவுன்ட்டர்கள், மேற்குப் பக்கம் ஸ்டாண்டு, இடம் பத்தாத வண்டிகளுக்கு, கட்டடத்தின் பின்னால் இருக்கும் காலி இடத்தில் ஒரு கூரை. இப்படிப் பரிந்துரைக்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை நெசவாளர்களுக்கு நடுவழி திறந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். வேலை முடிய வழக்கம் போல இழுத்தடித்தார்கள், ஆனால் கடைசியில் கிட்டத்தட்ட அப்படியே நடந்தது. கூரையைச் சரி செய்தார்கள். கண்ணாடி மாளிகை ஃப்ளெக்ஸ் கிழிந்து தொங்கி, ஒரு நாள் காணாமல் போனது. அக்காவுக்கு இடம் சுருங்கிப் போனது, வண்டிகளை இன்னும் நெருக்கி அடுக்கினாள். மூத்த பெண் படித்து முடித்து வேலூரில் வேலைக்குச் சேர்ந்தபோது நான் மாற்றலாகி அதே வேலூருக்கு வந்திருந்தேன். பெண்ணைப் பார்க்க வரும்போதெல்லாம் அக்கா என் வீட்டுக்கும் வந்து, என் மாமியாரின் பக்கம் பேசிவிட்டுப் போனாள்.

நான் சொல்ல வந்தது அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை. ஐந்து மணிக்கு வண்டியை எடுக்க இறங்கினேன். கூட்டம் கலைந்துவிட்டது. அக்கா ஒரு வண்டியின் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள், துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். கிட்டே போன பிறகுதான் அது சூப்ரண்டு சாரின் ஸ்கூட்டர் என்று தெரிந்தது.

எனக்கு வம்புக்கு இழுக்கத் தோன்றியது. "இன்னாக்கா, அந்த மனுசன் உங்களுக்குன்னு பேசினா அவரையே கடிச்சுக் குதறிட்டீங்களே?" என்றேன்.

அவள் நிமிரவில்லை. துணி நின்றது. முன்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கோசரம் ஒருத்தர் நின்னு பேசி நான் இதுக்கு முன்ன பாத்ததே இல்லம்மா" என்றாள். "மூஞ்ச எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல. அதான் எதுத்துப் பேசிட்டேன்."